கள்ளியைக் காணோம்

அத்தியாயம் 5

தொலைபேசியை எடுத்தது மாப்பிள்ளைதான்.

"எங்க கள்ளியைக் காணோம்," என்றது மறுமுனைக் குரல், அழுகையை விழுங்கிக்கொண்டு.

"சார், திருடி காணாமப் போனா நல்லதுதானே? கதவைச் சாத்திக்கிட்டு நிம்மதியா இருங்க."

"திருடி இல்லைய்யா! கள்ளி! முள்ளு இருக்குமே, அது!"

"முள்ளு இல்லாத திருடி எங்க சார் இருக்கா?"

"செடிய்யா! தொட்டிச்செடி!"

மாப்பிள்ளை வழக்குப் புத்தகத்தில் 'பெண் திருடி, தலைமறைவு' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'செடி, தலைமறைவு' என்று திருத்தினான். எதிர் நாற்காலியில் இருந்த தரகரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு அதற்குள் எழுந்துவிட்டார்.

மாப்பிள்ளை என்றதும் யாருக்கோ மருமகன் என்று நினைத்துவிட வேண்டாம். வயது முப்பத்தொன்பது, இன்னும் யாருக்கும் மாப்பிள்ளை ஆகவில்லை. தரகரம்மா இருபத்தாறு வருடம் கல்யாணத் தரகு பார்த்தவர். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். அவருக்கு ஒரு பொய்கூட வாயில் வராது. அதைவிடக் கேடு, அடுத்தவர் சொன்ன பொய்யையும் மூன்று நாளில் விசாரித்து வந்து நடுக்கூடத்தில் போட்டு உடைத்துவிடுவார். இருபத்தாறு வருடத்தில் நடத்திவைத்த கல்யாணம் நாலு. நிறுத்திவைத்தது முந்நூற்றுச் சொச்சம். கடைசியில் போர்டைக் கழற்றித் திருப்பி மாட்டி, பின்பக்கத்தில் 'துப்பறியும் நிலையம்' என்று எழுதிக்கொண்டார். அப்போது வரவேற்பறை பெஞ்சில் வரனுக்காக உட்கார்ந்திருந்த கடைசி ஆள் இவன். எழுந்து போக மனசு வராமல் உதவியாளன் ஆகிவிட்டான்.

பழக்கதோஷம், தரகரம்மா அவனை இன்றைக்கும் 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். வாங்க, போங்க என்று மாப்பிள்ளை மரியாதை ஒரு குண்டுமணி குறையாது. வாங்குகிற வேலை மட்டும் மாடு செய்கிற வேலை.

தாவர ஆய்வு நிலையத்தின் மாடியில் ஒரு கண்ணாடி அறை. ஜன்னல்களுக்கு வலை அடித்து, கதவுக்கு இரட்டைத் தாழ் போட்டு, ஒரு வங்கி லாக்கருக்கு உள்ள பாதுகாப்பு. உள்ளே நீள மேசை, மேசை மேல் இரண்டே இரண்டு தொட்டி. இரண்டிலும் முழங்கை உயரத்துக்குப் பச்சைத் தூண் மாதிரி ஒரு கள்ளி. இலை கிடையாது. வரிவரியாக முகடு, முகடு நெடுக முள். இடப்பக்கத் தொட்டிக்கும் வலப்பக்கத் தொட்டிக்கும் நடுவில் ஆணியில் ஒரு தூசி தட்டும் பிரஷ் தொங்கியது.

"இந்த ரெண்டும் பார்க்க ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். ஆனா தூரத்துச் சொந்தம்," என்றார் போனில் அழுத தாவர நிபுணர். தலையில் முடியும் சட்டையில் பட்டனும் சம அளவில் குறைந்துபோன மனிதர். அறையில் வேறு யாருடைய கண்ணையும் அவர் நேராகப் பார்க்கவில்லை. செடிகளைப் பார்த்தே பேசினார்.

"எவ்வளவு தூரம்? ஒண்ணுவிட்டதா, ரெண்டுவிட்டதா?" என்றார் தரகரம்மா.

"பத்துப் பன்னெண்டு கோடி வருஷம் விட்டது."

"அவ்வளவு விட்டுப்போச்சுன்னா கல்யாணப் பத்திரிகைகூட அனுப்ப வேண்டாம்," என்றான் மாப்பிள்ளை.

நிபுணருக்குச் சிரிக்கத் தெரியாது போலிருந்தது. பொறுமையாக விளக்கினார். ரெண்டும் பூக்கிற செடி என்பதோடு உறவு சரி. இடது ஒரு கண்டம், வலது கடல் தாண்டி இன்னொரு கண்டம். ரெண்டு இடத்திலும் தண்ணீர் கிடையாது, வெயில் கொளுத்தும். இலையை உதிர்த்து, உடம்பைத் தூணாக்கி, முள்ளை வளர்த்துப் பிழைத்ததில் ரெண்டுக்கும் ஒரே முகம் வந்துவிட்டது. நாம் ரெண்டையுமே கள்ளி என்கிறோம். ஆனால் வலது பால் கள்ளி. கிள்ளினால் வெள்ளைப் பால் பீறிடும். இடதுக்குப் பால் கிடையாது.

"கஷ்டப்பட்டா முகஜாடை ஒண்ணாயிடும் மாப்ள," என்றார் தரகரம்மா. "முப்பது வருஷம் குடித்தனம் பண்ணின புருஷன் பொண்டாட்டியைப் பாருங்க, கூடப் பொறந்தவங்க மாதிரி ஆயிடுவாங்க."

"பதினோரு வருஷமா இந்த ரெண்டையும் ஒப்பிட்டு எழுதறேன். இருநூத்திப் பன்னெண்டு வித்தியாசம் கண்டுபிடிச்சிருக்கேன். நாலு மணிக்கு ஆராய்ச்சியைச் சரிபார்க்கிற மதிப்பீட்டாளர் வர்றார். அவருக்குக் காட்டலாம்னு காலையில வலது செடியை ஊசியால குத்தினேன்." நிபுணர் ஊசியை எடுத்துக் காட்டினார். "பால் வரல."

"வத்திப்போயிருக்குமோ?" என்றான் மாப்பிள்ளை.

"பால் கள்ளிக்குப் பால் வத்தாதுய்யா! இது வேற செடி. யாரோ என் பால் கள்ளியைத் திருடிட்டு இதை நட்டு வெச்சிருக்காங்க. யாருன்னும் தெரியும். சாட்சிக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

அவர் விரல் நீட்டிய மூலையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் இரும்பு ஸ்கேல், இடுப்பில் அளவு நாடா, காதில் பென்சில். வாரம் ஒருமுறை செடிகளை அளந்து எழுதுவது அவள் வேலை. நிலையத்தில் எல்லோரும் மில்லி என்று கூப்பிட்டார்கள், மில்லிமீட்டரின் சுருக்கம். அவளுக்கு முன்னால் ஸ்டூலில் ஒரு கடிதம் இருந்தது. 'களவுக் குற்றத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்' என்று தட்டெழுதி, நிபுணரின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"அது நாலு மணிக்கு முன்னாடி கையெழுத்தாயிடும்," என்றார் நிபுணர். "பாருங்க, இவங்க வந்து எட்டு மாசம். இவங்களுக்கு முன்னாடி இருந்தவங்க வாராவாரம் வித்தியாசம் எழுதிட்டே இருந்தாங்க. இவங்க வந்த நாள்ல இருந்து நோட்டுல ஒரு வித்தியாசமும் இல்ல. முப்பத்திநாலு வாரமும் 'வித்தியாசம் இல்லை, வித்தியாசம் இல்லை'ன்னே எழுதியிருக்காங்க. அப்போ அர்த்தம் என்ன? வந்த முதல் வாரமே மாத்திட்டாங்க!"

கேட்கக் கேட்க மாப்பிள்ளைக்கே நியாயமாகப் பட்டது. மில்லியைப் பார்த்தால் பாவமாக இருந்தது என்பது வேறு விஷயம். முகத்தில் அழுகை இல்லை. ஆனால் ஸ்கேலைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

தரகரம்மா அவள் பக்கத்தில் போய் நின்றார். "என்னம்மா சொல்றே?"

"இந்தக் கடிதத்தோட வெளியில போனா வேற எங்கயும் அளக்க விடமாட்டாங்கம்மா. எனக்கு வேற வேலை தெரியாது. வீட்டுல அப்பா படுக்கையில இருக்காரு. நான் எடுக்கல."

"ஏன் வித்தியாசமே எழுதல?"

"இல்லம்மா."

"இல்லன்னா, எழுதலையா, வித்தியாசம் இல்லையா?"

"வித்தியாசம் இல்ல. அதனால எழுதல."

"திங்கட்கிழமை திங்கட்கிழமை நானே கூப்பிட்டுத் திட்டியிருக்கேன்," என்றார் நிபுணர். "நல்லாப் பாரு, நல்லாப் பாருன்னு!"

தரகரம்மா கைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேசை அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெண் பார்க்கப் போன வீட்டில் உட்காருவது போலவே இருந்தது. இடது செடியை ஒரு நோட்டம், வலது செடியை ஒரு நோட்டம். மாப்பிள்ளையும் வலது செடியை எட்டிப் பார்க்கக் குனிந்தான்.

"தள்ளுய்யா!" என்று அலறினார் நிபுணர். "போர்டைப் படிக்கலையா?"

வலது தொட்டியில் குச்சி நட்டு ஒரு சிவப்பு அட்டை சொருகியிருந்தது. 'பால் கண்ணில் பட்டால் பார்வை போகும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் முகத்தைக் கொண்டுபோகாதீர்.'

"பால்தான் இல்லைன்னு நீங்களே சொன்னீங்களே சார்?"

நிபுணர் அட்டையைப் பார்த்தார். "பதினோரு வருஷப் பழக்கம்," என்றார் சன்னமாக.

"மாப்ள," என்றார் தரகரம்மா, "கொஞ்சம் சிரமம் பார்க்காம மேசை மேல மண்டி போட்டு அந்த இடது தொட்டி மண்ணுல என்ன இருக்குன்னு பாருங்க. பின்பக்கமா, செடிக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவுல."

மாப்பிள்ளை சிரமம் பார்க்காமல் மண்டி போட்டான். முள் ஒன்று அவன் காதைப் பதம் பார்த்தது. "கட்டை விரல் அளவுல பச்சையா ஒண்ணு இருக்கும்மா. உருண்டையா, முள்ளோட. கோபத்துல இருக்கிற கத்தரிக்காய் மாதிரி."

"அது களை," என்றார் நிபுணர், கையை உதறி. "அதைக்கூட விடாம எழுதியிருக்கேன். அறுபத்து நாலாவது வித்தியாசம்."

மேசை ஓரத்தில் இருந்த தடிமனான புத்தகத்தைத் தரகரம்மா புரட்டினார். அறுபத்து நாலு, நிபுணரின் சொந்தக் கையெழுத்தில் இருந்தது. 'இடப்பக்கத் தொட்டியில் களை முளைக்கும் இயல்பு உண்டு. வலப்பக்கத்தில் இல்லை.' பக்கத்தில் தேதி. இரண்டு வருடம் நாலு மாதத்துக்கு முந்தைய தேதி.

"சார், அந்தக் களையைக் கொஞ்சம் நீங்களே பாருங்க," என்றார் தரகரம்மா. "யார் ஜாடைன்னு சொல்லுங்க."

நிபுணர் குனிந்தார். நெடுநேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"இது இடது செடியோட... குட்டி," என்றார். "விதையில இருந்து முளைச்சது."

"இந்த ஜாதிச் செடி தன் பூவுக்குத் தானே காய்க்குமா?"

"காய்க்காது. இன்னொரு செடியோட மகரந்தம் வேணும். அதே இனத்துச் செடி. ஆனா இந்த அறையில வேற செடியே கிடையாது, வலை அடிச்சிருக்கேன், தேனீ வர முடியாது..."

"தேனீ எதுக்கு சார்? தரகர் உள்ளேயே தொங்கறாரே." தரகரம்மா ஆணியில் இருந்த பிரஷைக் காட்டினார். "ரெண்டுக்கும் ஒரே பிரஷ். வாராவாரம் இவங்க வீட்டு வாசல்ல தட்டி, அவங்க வீட்டு வாசல்ல தட்டி, காதும் காதும் வெச்ச மாதிரி வேலையை முடிச்சிருக்கு. இருபத்தாறு வருஷத்துல என்னால நாலுதான் முடிஞ்சது."

"அப்போ..." என்றான் மாப்பிள்ளை.

"மனுஷங்கள்ல பங்காளிகளுக்குள்ள கட்டிவைக்க மாட்டோம். செடியில தலைகீழ். ஒரே இனமா இருந்தாத்தான் பிள்ளை பொறக்கும். பத்துக் கோடி வருஷம் விட்ட சொந்தத்துக்குப் பொறக்காது. இந்தப் பிள்ளை பொறந்து ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆச்சுன்னு பிறப்புச் சான்றிதழ் கொடுத்திருக்கிறது நீங்கதான் சார், உங்க கையெழுத்துலயே. அப்படின்னா அதுக்கும் முன்னாடியே வலது செடி மாறிடுச்சு. இந்தப் பொண்ணு வந்தது எட்டு மாசம் முன்னாடி."

மில்லி மூச்சு விடுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளைக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் மேசை மேல் மண்டி போட்டிருக்கிற ஆள் கைதட்டினால் செடி மேல்தான் விழ வேண்டும்.

நிபுணர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். கீழே கடிதம் கசங்கியது. "என் வித்தியாசங்கள்..." என்றார்.

தரகரம்மா புத்தகத்தைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். "முதல் எட்டு வருஷத்துல முப்பத்தொண்ணு. கடைசி மூணு வருஷத்துல நூத்தி எண்பத்தொண்ணு."

"அதாவது ரெண்டும் ஒரே செடியா ஆன பிறகுதான் வித்தியாசம் பிச்சுக்கிட்டு வந்திருக்கு," என்றான் மாப்பிள்ளை. அவனுக்கு வாய் நிற்கவில்லை. "நூத்தி மூணாவது கேளுங்கம்மா. 'இடது சற்றே கூச்ச சுபாவம். வலது எதற்கும் துணிந்தது.'"

"மாப்ள."

"நூத்தி நாப்பத்தாறு. 'அமைதியில் வேறுபாடு. வலதின் அமைதி ஆழமானது.'"

"மாப்ள, போதும்."

"முதல் வித்தியாசத்தையும் படிச்சுடறேன்மா. 'இடதில் முள் பஞ்சு மெத்தையிலிருந்து கொத்தாக வரும். வலதில் மெத்தை கிடையாது. முள் ஜோடி ஜோடியாக இருக்கும்.'" மாப்பிள்ளை இரண்டு செடியையும் பார்த்தான். இரண்டிலும் பஞ்சு, இரண்டிலும் கொத்து. "சார், இந்த ஒண்ணை மட்டும் திரும்பிப் பார்த்திருந்தாக்கூட அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே?"

"அது பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே எழுதி முடிச்சாச்சு," என்றார் நிபுணர். "முடிச்சதை யார் திரும்பிப் பார்ப்பாங்க?"

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தோளில் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் வந்தார். நிபுணரின் மனைவி.

"கோட்டை மறந்துட்டீங்க. மதிப்பீட்டாளர் முன்னாடி இந்தச் சட்டையோடவா நிப்பீங்க?" என்றவர், அறையில் இருந்தவர்களைப் பார்த்துப் பொதுவாகத் தலையசைத்துவிட்டு, கோட்டை வைக்க மேசையில் இடம் தேடினார். வலது செடியின் உச்சியில் கொஞ்சம் தூசி படிந்திருந்தது. அம்மாள் முகத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோய் ஃபூ என்று ஊதினார். சாவகாசமாகக் கோட்டை மடித்து வைத்தார்.

தரகரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விசாரணை முடிந்தது என்று அர்த்தம். மாப்பிள்ளை ஜாக்கிரதையாக மேசையிலிருந்து இறங்கினான்.

"சார், மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்த வலது செடி எங்கயாவது வெளியில போச்சா?"

"வெளியிலயா? போகாது. ஒரே ஒரு தடவை, இங்க கண்ணாடி மாத்தறப்ப பதினஞ்சு நாள். ரெண்டையும் தூக்க முடியல, ஸ்கூட்டர்ல ஒண்ணுதான் நிக்கும். வலதை மட்டும் வீட்டுக்கு..." நிபுணர் நிறுத்தினார். அவர் கண் முதல்முறையாகச் செடியை விட்டு நகர்ந்து மனைவியிடம் போனது.

"அந்தச் சிவப்பு அட்டையைப் படிச்சவங்க யாரும் அந்தச் செடிகிட்ட முகத்தைக் கொண்டுபோக மாட்டாங்க," என்றார் தரகரம்மா. "படிக்காதவங்க போகலாம். இல்ல, உள்ள பால் இல்லைன்னு நல்லாத் தெரிஞ்சவங்க போகலாம். தூரத்துச் சொந்தத்தைத் தேடிக்கிட்டு இருந்தோம் சார். எடுத்தது கிட்டத்துச் சொந்தம்."

அம்மாள் மறுப்பார் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்தான். அவர் மில்லியின் வெளுத்த விரல்களைப் பார்த்தார். கணவர் எழுந்து நின்றதும் ஸ்டூலில் தெரிந்த கடிதத்தை எடுத்துப் படித்தார்.

"இந்தப் பொண்ணு மேலயா பழி போட்டீங்க?" என்றார் கணவரிடம். "நான்தான் எடுத்தேன். எடுத்துக் குப்பைத்தொட்டியில போட்டேன். தெருமுனை நர்சரியில இதே மாதிரி ஒண்ணு இருந்தது, வாங்கி நட்டேன்."

"ஏன்?" நிபுணரின் குரல் கீச்சிட்டது. "ஏன்?"

"பதினஞ்சு நாள் அதைச் சாப்பாட்டு மேசையில வெச்சீங்க. அது பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டீங்க. காலையில எழுந்ததும் அதுகிட்டத்தான் முதல்ல பேசினீங்க. சரி, போகட்டும்னு இருந்தேன். மேசையைத் துடைக்க நகர்த்தினப்ப ஒரு முள் ஒடிஞ்சு பால் என் கண்ணுல தெறிச்சது. எரிச்சல் தாங்காம அலறினேன். ஓடி வந்தீங்க. வந்து என்ன கேட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

நிபுணருக்கு ஞாபகம் இல்லை. முகத்திலேயே தெரிந்தது.

"'செடிக்கு ஒண்ணும் ஆகலையே'ன்னு கேட்டீங்க."

மாப்பிள்ளை முள் குத்திய காதைத் தடவிக்கொண்டான்.

"மூணு நாள் கண்ணுல கட்டுப் போட்டிருந்தேன். கட்டைப் பிரிச்ச அன்னைக்குத்தான் மாத்தினேன். மறுநாளே கண்டுபிடிச்சுக் கத்துவார், கத்தட்டும், அப்பவாவது என் பக்கம் திரும்பிப் பேசுவார்னு நினைச்சேன். மறுநாள் செடியை இங்க கொண்டுவந்து வெச்சுட்டு, சாயங்காலம் வீட்டுக்குச் சந்தோஷமா வந்து ரெண்டு புது வித்தியாசம் கண்டுபிடிச்சதாச் சொன்னீங்க. எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல. மூணு வருஷமா நீங்க ஒவ்வொண்ணாப் படிச்சுக் காட்டறீங்க, நானும் தலையாட்டறேன்."

நிபுணர் மனைவியிடம் இரண்டடி வைத்து, அவர் முகத்தைக் குனிந்து பார்த்தார். செடியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். அவருக்குத் தெரிந்த பார்வை அது ஒன்றுதான்.

"எந்தக் கண்ணு?" என்றார்.

"வலது."

"இப்ப... எரியுதா?"

"மூணு வருஷம் கழிச்சுக் கேட்டா எரியாது," என்றார் அம்மாள். ஆனால் அந்தக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே மதிப்பீட்டாளர் வந்தார். பெரிய உடம்பு, சின்னப் பை, எல்லாவற்றையும் ஏற்கெனவே தெரிந்துகொண்டவர் மாதிரி ஒரு சிரிப்பு. நிபுணர் மறைக்கவில்லை. திக்கித் திணறி, வலது செடி மூன்று வருடமாக வேறு செடி என்று சொன்னார். கேட்கக் கேட்க மதிப்பீட்டாளரின் சிரிப்பு ஓரம் ஓரமாகக் கழன்று விழுந்தது.

"மூணு வருஷமாவா? அப்படி இருக்கவே முடியாதே."

"ஏன் சார்?" என்றான் மாப்பிள்ளை.

"போன வருஷம் நான் நேர்ல வந்து நூத்தித் தொண்ணூறு வித்தியாசத்தையும் ஒவ்வொண்ணாச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேனே! கூச்ச சுபாவம்கூட எனக்கு நல்லாவே தெரிஞ்சது!"

மாப்பிள்ளை இருமுவது போல நடித்தான்.

மதிப்பீட்டாளர் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க. மூணு வருஷம்னு வெளியில போச்சுன்னா உங்க பேரும் போகும், என் பேரும் போகும். நிலையத்தையே இழுத்து மூடினாலும் மூடுவாங்க. எட்டு மாசத்துக்கு முன்னாடி களவு போச்சுன்னு வெச்சுக்கங்க. அதுவரைக்கும் எழுதினது எல்லாம் நிக்கும். கடிதம் தயாரா இருக்கு போலிருக்கே?" மில்லி அறையிலேயே இல்லாதது மாதிரி அவர் அவளைக் கையால் காட்டினார். "ஒரே ஒரு ஆள்தானே. வேற எங்கயாவது பிழைச்சுக்குவாங்க. வீட்டம்மா பேரும் வெளியில வராது."

தரகரம்மா எழுந்தார். மாப்பிள்ளை ஆவலோடு பார்த்தான். போட்டு உடைக்கப்போகிறார், முந்நூற்றுச் சொச்சம் கல்யாணத்தை நிறுத்திய வாய் இது என்று நினைத்தான். ஆனால் அவர் கைப்பையைத் தோளில் மாட்டியதோடு நின்றுவிட்டார்.

"சொல்லுங்கம்மா!" என்று கிசுகிசுத்தான்.

"நான் சொன்னா அது விசாரணை மாப்ள. அவர் வாயால வரணும்."

நிபுணர் மதிப்பீட்டாளரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். இருநூத்திப் பன்னெண்டு வித்தியாசப் புத்தகத்தைக் கையால் தடவினார். பதினோரு வருடம் அதில் இருந்தது. மனைவியின் கையிலிருந்து கடிதத்தை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தபோது மில்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க நோட்டைக் கொடுங்க," என்றார் நிபுணர்.

மில்லி நீட்டினாள். அவர் முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். இடது இத்தனை, வலது இத்தனை, முகடு இத்தனை, முள் இத்தனை. கீழே 'வித்தியாசம் இல்லை'. அடுத்த வாரம், அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். அவர் திட்டிய திங்கட்கிழமைகளில்கூட ஒரு எழுத்து நடுங்கவில்லை, ஒரு எண் கூடவோ குறையவோ இல்லை.

"முப்பத்திநாலு தடவை உங்களைத் திட்டியிருக்கேன்," என்றார். "ஒரு தடவைகூட மாத்தி எழுதணும்னு தோணலையா? எழுதியிருந்தா இந்தக் கடிதமே வந்திருக்காதே."

மில்லி நிமிர்ந்தாள். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை போலிருந்தது.

"அளந்தேன் சார்," என்றாள்.

நிபுணர் கடிதத்தை நாலாகக் கிழித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தடித்த புத்தகத்தை மூடி மேசைக்கு அடியில் தள்ளினார். மில்லியின் நோட்டை மதிப்பீட்டாளரின் கையில் வைத்தார்.

"மூணு வருஷத்துல இங்க நடந்த ஆராய்ச்சி இந்த எட்டு மாசம்தான் சார். மத்ததை நான் இட்டுக்கட்டினேன், நீங்க கையெழுத்துப் போட்டீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. இவங்க சொல்லுவாங்க, கேட்டுக்கங்க." இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்து மில்லியின் பக்கம் நகர்த்திவிட்டு, மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

மதிப்பீட்டாளர் நோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மில்லி உட்காரவில்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்தாள், இடது செடியின் மேல் ஸ்கேலை நிறுத்தினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்," என்றாள் மதிப்பீட்டாளரிடம். "வெளிச்சம் மறைக்குது."

அவர் தள்ளி நின்றார்.